கேட்டுக்கு வெளியே ஒரு தேக்சா

என் மகன் நான்கு மாதம் கழித்து வரப்போகிற ஒரு சனிக்கிழமைக்கு இப்போதே டிக்கெட் எடுத்துக்கொண்டிருக்கிறான். மாமல்லபுரம் போகிற கடற்கரைச் சாலையில் ஒரு தீம் பார்க். கூடத்தில் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டே, யாருக்கு எந்த ராட்டினம், மத்தியானச் சாப்பாடு சைவமா அசைவமா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறான். மருமகள் அவனைப் பெருமையாகப் பார்க்கிறாள். “நாலு மாசம் முன்னாடியே ப்ளான் பண்ண ஒரு மூளை வேணும்மா” என்று என்னிடம் வேறு சொல்கிறான்.

நாலு மாசமாம். முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் வயசுக்காரர்கள் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் கண்ணடித்திருப்பேன். ஐம்பதை எட்டிப் பிடிக்கப் போகிறவர்களே, உங்களுக்குத்தான் சொல்கிறேன். பக்கத்து ஊருக்குப் போய் வருவதற்கே எத்தனை நாள் கூடிக் கூடிப் பேசினோம் நாம்! எங்கள் வீட்டில் அதே கடற்கரைச் சாலையில் ஒரு பார்க்குக்குப் போவதற்கு எட்டு மாதம் திட்டம் போட்டார்கள். போட்டவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் போட்ட திட்டம்தான் கடைசியில் நடந்தது. அது யாருடையது என்று எனக்குத் தெரிய முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

அப்போது எனக்குப் பதினொரு வயது. வீடு செங்கல்பட்டில், கொளவாய் ஏரிப் பக்கம். அத்தா, அதாவது என் அப்பா, கல்யாணப் பிரியாணி மாஸ்டர். ஓட்டல் வைத்தவர் இல்லை. ஆர்டர் வந்தால் அடுப்பு மூட்டுவார், இல்லாத நாளில் கரண்டிகளைத் தேய்த்து வெயிலில் காயவைத்துக்கொண்டு திரிவார். எங்கள் வீட்டில் ஆட்களைவிடப் பாத்திரங்கள் அதிகம். பிரியாணி ஆக்குகிற பெரிய செம்புப் பாத்திரத்தை தேக்சா என்போம். அப்படி ஐந்து தேக்சா, பெரியதிலிருந்து சின்னது வரை, முற்றத்துச் சுவரோரம் கவிழ்த்து வைத்திருக்கும். நானும் தம்பியும் கண்ணாமூச்சி ஆடும்போது மூன்றாவது தேக்சாவுக்குள் ஒளிந்தால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. உள்ளே ஈயம் பூசின வாசனையும் பட்டை கிராம்பு வாசனையும் கலந்து இருக்கும். இப்போது எந்தப் பழைய இரும்புக் கடையைத் தாண்டினாலும் என் மூக்கு அந்த வாசனையைத் தேடுகிறது.

ஆர்டர் எடுப்பதில் அத்தாவுக்கு ஒரு சட்டம் இருந்தது. கல்யாண வீட்டார் வெற்றிலை பாக்கோடு ஒரு பொட்டலம் சர்க்கரை கொண்டுவர வேண்டும். அத்தா அதில் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். அவ்வளவுதான், அந்தத் தேதி அவர்களுடையது. பிறகு கலெக்டரே வந்து கூப்பிட்டாலும் போகமாட்டார். மீதிச் சர்க்கரை அம்மாவின் டப்பாவுக்குப் போகும். எங்கள் வீட்டு டீ வருஷம் முழுக்க அடுத்தவர் கல்யாணச் சர்க்கரையில்தான் இனித்தது.

இந்தத் தொழிலில் இருப்பவரைக் கட்டிக்கொண்டவளின் கஷ்டம் என்னவென்று எனக்கு அப்போது தெரியாது. அத்தா எல்லோரும் தின்ற பிறகு கடைசியாக, நின்றபடியே தின்பார். வீட்டிலும் அப்படித்தான். தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு முற்றத்தில் உலாத்துவார். வேறு ஒருவன் ஆக்கியதைத் தொடவே மாட்டார். தொட்டால் உப்பு, காரம், புளி என்று பிரித்துப் பேசிவிட்டுத் தள்ளி வைத்துவிடுவார்.

இதெல்லாம் எப்போது ஆரம்பித்தது என்பதை அம்மா ஒரு கதையாகச் சொல்வாள். நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளையையும் பெண்ணையும் ஒரே தட்டில் சாப்பிட உட்காரவைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பெண்ணை உட்காரவைத்தார்கள். தட்டு வந்தது. மாப்பிள்ளையைக் காணோம். ஊரே தேடிப் பார்த்தால், மாலையோடு பந்தலுக்குப் பின்னால் நின்று, ஆக்க வந்த மாஸ்டரிடம் பிரியாணிக்குத் தம் போட்டது சரியில்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். வந்து சேர்வதற்குள் அம்மாவுக்கு அவள் சின்னம்மாவே ஊட்டி முடித்துவிட்டாள்.

இந்தக் கதையைச் சொல்லும்போது எல்லோரும் சிரிப்போம். அம்மாவும் சிரிப்பாள். கடைசியில் மட்டும், “ஒரே ஒரு வேளை, வேற ஒருத்தன் ஆக்கினத, எங்கூட உக்காந்து, கொற சொல்லாம துன்னணும் இந்த மனுஷன். அத பாத்துட்டா போதும் எனக்கு” என்பாள். நாங்கள் அதையும் சிரிப்பில்தான் சேர்த்துக்கொண்டோம்.

பார்க் பேச்சைக் கொண்டுவந்தவர் மாமா. அம்மாவின் தம்பி. கல்பாக்கத்தில் டெக்னீஷியன். ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் திருக்கழுக்குன்றம் வழியாக வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்வார். அவர் எதையும் காகிதத்தில் போடாமல் செய்யமாட்டார். தலைக்கு எண்ணெய் வைப்பதற்குக்கூட ஒரு அட்டவணை வைத்திருப்பார் என்று மாமி சொல்வாள். காலாண்டுப் பரீட்சை லீவில் ஒருநாள் வந்து, கடலோரத்தில் பெரிய பார்க் ஒன்று திறந்திருக்கிறது, ஜெயன்ட் வீல் இருக்கிறது, தண்ணியில் சறுக்குகிற மேடை இருக்கிறது, அடுத்த மே மாதம் இரண்டு குடும்பமும் சேர்ந்து போகலாம் என்றார்.

“மே மாசமா? நோம்புப் பெருநாள் முடிஞ்சா கல்யாண சீசன் மச்சான். அப்ப எனக்கு மூச்சு வுட நேரம் இருக்காது” என்றார் அத்தா. அதோடு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலை அம்மா என்னைக் கடைக்கு அனுப்பிச் சர்க்கரை வாங்கிவரச் சொன்னாள். டப்பா நிறையச் சர்க்கரை இருக்கிறதே என்றேன். “அது ஊரான் வூட்டு சக்கர. இது என்னுது” என்றாள். அத்தா கட்டிலில் உட்கார்ந்து கரண்டிப் பிடிக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தார். அம்மா ஒரு தட்டில் வெற்றிலை பாக்கும் பொட்டலமும் வைத்து அவர் முன்னால் நீட்டினாள்.

“இன்னாமே இது?”

“ஆர்டர்.”

“யாரு வூட்டு ஆர்டர்?”

“என் வூட்டு ஆர்டர். மே மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கெழம. ரெண்டு குடும்பம். பார்க்குல. நீங்க அடுப்பெல்லாம் மூட்ட வாணாம். வரணும், அவ்ளோதான் ஆர்டர்.”

அத்தா அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு உடம்பு குலுங்கச் சிரித்தார். ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். ஆர்டர் நோட்டில் எழுதுவது என் வேலை, அவர் கையெழுத்து அவருக்கே புரியாது. தேதி எழுதினேன். இடம் எழுதினேன். பார்ட்டி பெயர் என்ற இடத்தில் என்ன எழுத என்று கேட்டேன். “உங்க அம்மான்னு எழுது” என்றார். எழுதினேன்.

அதன் பிறகு எட்டு மாதம் நாங்கள் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையை வைத்தே காலம் தள்ளினோம். மாமா வாராவாரம் ஒரு கிராஃப் தாளோடு வருவார். பச்சைப் பென்சிலில் ராட்டினங்கள், சிவப்பில் கக்கூஸ், நீலத்தில் குடிதண்ணீர். எத்தனை மணிக்கு எதில் ஏறுவது, யார் யாரோடு உட்காருவது என்று கட்டம் போட்டு எழுதியிருப்பார். ஜெயன்ட் வீல், பன்னிரண்டு மணி, நானும் அம்மாவும் ஒரு தொட்டி. அதை அம்மா எனக்குச் சத்தியம் செய்துகூடக் கொடுத்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் ஒருத்தி விடாமல் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தேன்.

தம்பியின் உயரம் ஒரு பெரிய பேஜாராகிவிட்டது. ஜெயன்ட் வீலுக்கு இன்ன உயரம் வேண்டும் என்று மாமா எங்கள் வீட்டுச் சுவரில் நீலப் பென்சிலால் ஒரு கோடு போட்டார். தம்பி அதற்கு இரண்டு விரல் குறைவு. அவனுக்குத் தினம் ஒரு முட்டை. காலையும் மாலையும் ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கவிட்டார்கள். கை இரண்டும் காய்த்துப்போயிற்று, உயரம் ஏறவில்லை. கடைசியில் அம்மா கனமான அடி வைத்த செருப்பு ஒன்று வாங்கிக்கொடுத்தாள். பெருநாளுக்கு வெள்ளையடித்தபோது அந்தக் கோட்டின்மேல் மட்டும் அடிக்கக் கூடாது என்று தம்பி சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான்.

பெருநாளுக்கு முன்னாலேயே ஒரு சோதனை வந்தது. ஊரில் பெரிய தோல் மண்டி முதலாளி ஒருவர், தன் மகள் கல்யாணத்துக்கு அத்தாவைக் கேட்டு நேரில் வந்துவிட்டார். பொட்டலமாக இல்லை, ஒரு மூட்டைச் சர்க்கரையோடு வந்தார். அதே ஞாயிற்றுக்கிழமை. அந்தக் கல்யாணத்துக்கு ஆக்கினால் அத்தாவின் பெயர் ஆம்பூர் வரைக்கும் போகும். நானும் தம்பியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றோம்.

“அன்னிக்கு வேற பார்ட்டிகிட்ட சக்கர வாங்கிட்டேன் மொதலாளி.”

“யாருய்யா அந்த பார்ட்டி? ஆளக் காட்டு. நான் பேசிக்கிறேன்.”

அத்தா சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். “அவங்ககிட்டலாம் பேச முடியாது மொதலாளி. ரொம்ப கறாரான பார்ட்டி.”

உள்ளே அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குனிந்து சிரித்ததைப் பார்த்தேன். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. முதலாளி கோபித்துக்கொண்டு போனார். அதன் பிறகு அவர் வீட்டு ஆர்டர் எதுவும் எங்களுக்கு வரவே இல்லை. அத்தா ஒருநாளும் அதைப்பற்றிப் பேசியதில்லை.

ஆனால் அம்மாவின் சிரிப்பு ரொம்ப நாள் நீடிக்கவில்லை. அடுத்த மாதம் ஒரு காலையில் அத்தா டீயை ஆற்றிக்கொண்டே, “உன் ஆர்டருக்கு எத்தினி கிலோ போடலாம்?” என்று கேட்டார்.

அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். “நான்தான் அடுப்பு மூட்ட வாணாம்னு சொன்னேனே!”

“சொன்ன. ஆனா சக்கர குடுத்தல்ல? சக்கர வாங்கிகினு அடுப்பு மூட்டாத வுட்டா, நான் இன்னா மாஸ்டரு?”

“ஊருக்கு இன்னாங்க தெரியப் போவுது?”

“எனக்குத் தெரியும்ல” என்றார்.

அவள் கெஞ்சினாள், முறைத்துக்கொண்டாள், இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். அத்தா அசையவில்லை. சீரகச் சம்பாவைக் கொண்டுவந்து கல் பொறுக்க ஆரம்பித்துவிட்டார். சர்க்கரை கொடுத்தது அவள் போட்ட வலை. இப்போது அதில் அவளே மாட்டிக்கொண்டாள். பார்க்கிலும் அத்தா தேக்சாவுக்குக் காவல் நிற்பார், எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் நின்றுகொண்டு தின்பார் என்பது எனக்கே தெரிந்துபோயிற்று.

அந்த மாதக் கடைசியில் மாமா ஒருநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பார்க்கை நேரில் பார்த்துவரப் போனார். திரும்பி வந்து கிணற்றடியில் நின்று அம்மாவிடம் வெகுநேரம் பேசினார். நான் கிட்டே போனதும் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அன்று சாயங்காலம் அம்மா அத்தாவிடம் தானாகவே போய், “செரி, ஆக்குங்க. நாலாவது தேக்சா எடுத்துக்கலாம். பத்தும்” என்றாள். சண்டை தீர்ந்தது என்று சந்தோஷப்பட்டேன். பதினொரு வயசுப் புத்தி வேறு எப்படி இருக்கும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஃபஜ்ர் தொழுகை முடிந்ததும் முற்றத்தில் அடுப்பு எரிந்தது. ஏழு மணிக்கெல்லாம் தம் போட்டு, மூடியைச் சுற்றி மைதா மாவால் அடைத்து, கோணிச் சாக்கும் பழைய கம்பளியும் சுற்றி, நான்கு பேர் தூக்கி வேனுக்கு நடுவில் வைத்தார்கள். கல்பாக்கத்திலிருந்து மாமியும் மாமா பிள்ளைகளும் முதல் நாளே வந்திருந்தார்கள். நாங்கள் பிள்ளைகள் எல்லாம் தேக்சாவைச் சுற்றி, முழங்காலில் சூடு பட உட்கார்ந்தோம். திருக்கழுக்குன்றம் தாண்டி மாமல்லபுரத்தில் கடல் தெரிந்தபோது கத்தின கத்தலில் டிரைவர் வண்டியை ஓரம் கட்டி எங்களை அதட்டினார். அங்கிருந்து வடக்கே ஒரே சவுக்குத் தோப்பும் மணலும்தான். இன்று கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்குகிற நெம்மேலியில் அன்று நாலு ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. தம்பி செருப்பைக் கழற்றாமல் கால் நுனியில் உட்கார்ந்திருந்தான்.

கேட்டில் காக்கிச் சட்டை போட்ட காவலாளி வேனுக்குள் எட்டிப் பார்த்து மூக்கை உறிஞ்சினார்.

“இன்னா அது?”

“சாப்பாடு” என்றார் அத்தா.

“வெளி சாப்பாடு உள்ள வுடமாட்டோம் பாய். போர்டு கீது பாரு.”

இருந்தது. ஆள் உயரத்துக்கு, மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்து. அத்தா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகம் சின்னப் பிள்ளை முகம் மாதிரி ஆகிவிட்டது. எங்கள் கூட்டத்தில் இந்த இடத்தில் சத்தம் போட வேண்டியவர்கள் இருவர். ஒருவர் மாமா. குண்டூசி முதல் குடை வரை பட்டியல் போட்டவர், அந்த நேரம் பார்த்துக் குனிந்து ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்தார். கட்டினார், கட்டினார், நிமிரவே இல்லை. இன்னொருவர் அம்மா. கொத்தமல்லிக் கட்டு ஒன்றுக்காக மார்க்கெட்டையே இரண்டாக்குகிறவள், அன்று வாயைத் திறக்கவில்லை.

“தேக்சாவ இங்க வேன்ல வுட்டுட்டு வாங்க மச்சான்” என்றாள் மாமி.

“மூடி போட்ட கை தொறக்கிற வரைக்கும் தேக்சாவ வுட்டு நவுரக் கூடாதும்மா. நீங்க போங்க. ஒண்ணரை மணிக்கு எல்லாரும் வெளிய வாங்க, போடறேன்.”

கேட்டுக்கு எதிரே சாலையோரம் ஒரு சவுக்கு மரக் கும்பல் இருந்தது. அங்கே இறக்கிவைத்தார்கள். அத்தா கோணியை விரித்துத் தேக்சாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நாங்கள் உள்ளே போனோம். கையில் ஊதா மையில் ஒரு முத்திரை குத்தினார்கள். அதைக் காட்டினால் வெளியே போய்விட்டு வரலாமாம். ஆளுக்கொரு சாப்பாட்டுக் கூப்பனும் கொடுத்தார்கள். அத்தாவின் டிக்கெட்டையும் கூப்பனையும் அம்மா வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

தம்பியை அளக்கும்போது செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். அவன் அழுத அழுகையில், அளக்கிற ஆளே பலகையைக் கொஞ்சம் இறக்கிப் பிடித்து உள்ளே விட்டுவிட்டார்.

பன்னிரண்டு மணிக்கு ஜெயன்ட் வீல் வரிசையில் நின்றோம். நான் திரும்பிப் பார்த்தபோது அம்மா இல்லை. மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு, “அம்மா வந்துடுவாங்க, நீ ஏறு” என்றார். என்னோடு மாமா ஏறினார். எட்டு மாதமாகக் கட்டம் போட்டு எழுதி வைத்திருந்ததே, நானும் அம்மாவும் என்று.

தொட்டி உச்சிக்குப் போய் நின்றது. ஒருபக்கம் கடல், மறுபக்கம் சாலை. மாமா கடலைக் காட்டினார். நான் சாலையைப் பார்த்தேன். கேட்டுக்கு எதிரே சவுக்கு நிழலில் தேக்சா. அதன் ஒருபக்கம் அத்தாவின் வெள்ளைத் தொப்பி. அவருக்கு எதிரே அம்மாவின் பச்சைப் புடவை. இருவருக்கும் நடுவில் வெயில் பட்டு ஏதோ ஒன்று பளபளத்தது. தட்டு.

என்னை விட்டுவிட்டு அங்கே போய் உட்கார்ந்திருக்கிறாளே என்று அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. இறங்கியதும் அழுதேன். ஒன்றரை மணிக்கு எல்லோரும் வெளியே வந்து, அத்தா பிஸ்மி சொல்லி மூடி திறந்து, காவலாளிக்கும் சேர்த்து அள்ளி அள்ளிப் போட்டபோதும் நான் அம்மாவிடம் பேசவில்லை. அவள் கெஞ்சவும் இல்லை. எங்கள்கூடத் திரும்பி உள்ளே வந்து என்னோடு இன்னொரு தடவை ஏறவும் இல்லை. “நீங்க போயி ஆடுங்க, நான் இங்கயே இருக்கறேன்” என்று சவுக்கு நிழலிலேயே இருந்துவிட்டாள்.

எங்கள் வீட்டில் அந்தப் பயணத்துக்கு, ஊத்திக்கொண்ட பயணம் என்றுதான் பெயர். போர்டைப் பார்க்காத மாமாவைக் கிண்டல் செய்யாத பெருநாள் இல்லை. அவர் ஒருமுறைகூட மறுத்துப் பேசியதில்லை, தலையைச் சொறிந்துகொண்டு சிரிப்பார். அத்தா போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. தேக்சாக்கள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன, நாலாவது எங்கே போனது என்றே தெரியவில்லை. போன வருஷம் மாமாவும் போனார்.

நாற்பதாம் நாள் ஓதி முடித்த பிறகு மாமி ஒரு தகரப் பெட்டியைக் கொடுத்து, “உனக்குத்தான் இதெல்லாம் புடிக்கும், பாரு” என்றாள். அதில் அந்தக் கிராஃப் தாள் இருந்தது. மடிப்பில் கிழிந்து, பச்சைப் பென்சில் மங்கி. ஜெயன்ட் வீல் கட்டத்தில் என் பெயரும் அம்மா பெயரும் அப்படியே இருந்தன. பின்பக்கம் நேரில் பார்த்து வந்த குறிப்புகள், எண் போட்டு, பொடிப்பொடி எழுத்தில். பதினாலாவது குறிப்பு இது:

“வெளி உணவு உள்ளே அனுமதி இல்லை (கேட்டில் பலகை). அக்காவிடம் சொல்லியாயிற்று. மச்சானிடம் சொல்லக் கூடாது என்று அக்கா உத்தரவு.”

நான் அந்த வரியை நாலு தடவை படித்தேன். முப்பது வருஷத்துக்கு மேலாக அந்த மனுஷனைக் கிண்டல் செய்திருக்கிறோம் என்று நினைத்தபோது வெட்கமாகப் போய்விட்டது. நேராக வீட்டுக்கு வந்து அம்மாவின் முன்னால் தாளை வைத்தேன். அவள் அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியைத் தேடவில்லை. தாளைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது அவளுக்கு.

“தெரிஞ்சேவா அவர அடுப்பு மூட்ட வுட்ட?”

“தெரிஞ்சேதான்.”

“ஏம்மா? சொல்லியிருந்தா அவரு உள்ள வந்திருப்பாரே!”

“வந்து? உள்ள ஒரு கேன்டீன் கீதுன்னான் உங்க மாமன். பெரிய அடுப்பாம். உங்க அத்தா நேரா அங்க போயி, அவன் தம் செரியில்ல, இவன் உப்பு செரியில்லன்னு நின்னுகினு இருந்திருப்பாரு சாயங்காலம் வரைக்கும். எனக்குத் தெரியாதா அந்தாள?” ஒரு காயை உரித்துப் போட்டாள். “மூடி போட்டா தேக்சாவ வுட்டு நவுரமாட்டாரு. ஆக்கறதுக்கும் ஒண்ணும் இருக்காது. உக்காந்துதான் ஆவணும். அப்பதான் அவரு உக்காருவாரு. அதுக்கு அந்த போர்ட வுட்டா எனக்கு வேற யாரு கீறா?”

“அந்தத் தட்டு?”

“கேன்டீனு தட்டு. சாம்பார் சாதம். வாட்ச்மேன் தட்டு வெளிய போவக் கூடாதுன்னான். யோவ், என் புள்ளைங்க உள்ள கீதுங்க, உன் தட்டத் தூக்கிகினு நான் எங்கய்யா ஓடப்போறேன்னு கேட்டேன். வுட்டுட்டான்.”

“ரெண்டு கூப்பன் வெச்சிருந்தியேம்மா. ஒரு தட்டுதானே பாத்தேன் மேல இருந்து?”

அம்மா அவரைக்காயிலிருந்து நிமிரவில்லை. அவள் காது மடல் சிவந்துபோயிற்று. எழுபத்து மூன்று வயசில்.

இன்னும் இரண்டு காயை உரித்துப் போட்டுவிட்டு, “மொத வாய்க்கே பெருங்காயம் ஜாஸ்தின்னு ஆரம்பிச்சாரு. நான் ஒரு பார்வ பாத்தேன். அப்புறம் வாய மூடிகினு துன்னாரு. முழுசும்” என்றாள்.

“வேற ஒண்ணும் சொல்லலியா?”

“சொன்னாரு. ஆர்டர் செரியா முடிஞ்சுதா பார்ட்டின்னாரு.”

எனக்கு அழுகை வந்தது. அதை அவளிடம் காட்டவில்லை. ஜெயன்ட் வீலில் என்னை மாமாவோடு ஏற்றிவிட்டதற்கு இத்தனை வருஷமாக உள்ளே வைத்திருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அவரைக்காய் உரிக்க உட்கார்ந்துவிட்டேன்.

இதெல்லாம் போன வருஷம். இப்போது என் மகன் கூடத்தில் உட்கார்ந்து, “மொத்தம் எத்தனை பேரும்மா? பாட்டியையும் சேத்துடவா? சீனியர் சிட்டிசனுக்குத் தனி டிக்கெட் இருக்கு” என்று கேட்கிறான். அந்தப் பழைய பார்க் இல்லை இது. ஆனால் அதே சாலைதான், அது இருந்த இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும்.

“எனக்கு டிக்கெட்லாம் வாணாம்” என்று உள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. “நானும் வரேன். நடுவுல எறக்கி வுட்டுட்டு நீங்க போங்க. திரும்பி வரும்போது ஏத்திக்குங்க.”

“நடுவுலயா? எங்க பாட்டி?”

“உங்க அம்மாவுக்குத் தெரியும். அந்த எடத்துல சவுக்கு நெழலு இன்னும் கீதான்னு மட்டும் உன் போன்ல பாத்துச் சொல்லு.”

மகன் என்னைப் பார்த்தான். நான் தைல பாட்டிலை மூடி வைத்துவிட்டு, அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, மாமல்லபுரத்திலிருந்து வடக்கே எவ்வளவு தூரம் என்று சொல்ல ஆரம்பித்தேன்.